ஹெட் கழலாத சிலிண்டரில் இறுகிப்போன பிஸ்டனை எடுப்பது எப்படி?

கேள்வி: வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறோம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குக் காட்டுவதற்காக, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு விமான எஞ்சினின் தனிச் சிலிண்டரை வாங்கினோம். போர், அதாவது உள்விட்டம், 130 மி.மீ. பிஸ்டன் உள்ளே நடுவாக்கில் இறுகிவிட்டது. கன்ராடை (பிஸ்டனின் கனெக்டிங் ராடு) யாரோ காஸ் வைத்து வெட்டியிருக்கிறார்கள், பத்து செ.மீ. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கட்ஜன் பின் பேரலுக்குள் (சிலிண்டரின் குழாய்ப் பகுதி) மறைந்திருப்பதால் கழற்ற முடியவில்லை. பிஸ்டனை எடுத்துச் சுத்தம் செய்து, மேலும் கீழும் ஓடும்படி வைக்க வேண்டும். சம்மட்டியால் தட்டலாமா? காஸ் வைத்துச் சூடு பண்ணலாமா?

பதில்:

இரண்டும் வேண்டாம். பிஸ்டன் வெளியே வந்துவிடும், ஆனால் அவசரப்பட்டால் வராது. இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பஸ், லாரி எஞ்சின்களிலும் காசிமேட்டு விசைப்படகு எஞ்சின்களிலும் பிஸ்டன் இறுகினால், ஹெட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு, மேலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்குவது வழக்கம். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. விமானச் சிலிண்டரில் ஹெட் தனி, பேரல் தனி என்று பிரிக்கவே முடியாது. அலுமினிய ஹெட்டைச் சூடாக்கி விரியவைத்து, எஃகு பேரலின் மரையில் திருகி, ஆறவிட்டுக் கவ்வவைத்திருப்பார்கள். போல்ட், கேஸ்கெட் எதுவும் கிடையாது. ஆகவே மேலிருந்து தட்ட வழியே இல்லை. கீழிருந்து தட்டினாலோ, பிஸ்டன் போகக்கூடாத திசையில் போகும். இந்தப் பேரல்களில் ஹெட் பக்கம் போர் கொஞ்சம் குறுகலாகவே கடைந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஹெட் பக்கம் அதிகம் சூடாகி விரியும். அப்போது மேலும் கீழும் ஒரே அளவுக்கு வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கீழிருந்து அடிக்க அடிக்க, பிஸ்டன் அந்தக் குறுகலில் போய் மேலும் இறுகும்.

உங்களுக்கு இருப்பவை இரண்டே வழிகள். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் அழுத்தம் கொடுத்து உள்ளிருந்து தள்ளலாம். கன்ராடு துண்டைப் பிடித்து வெளியிலிருந்து இழுக்கலாம். உங்கள் வேலைக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும்.

130 மி.மீ. என்றால் பெரும்பாலும் 5⅛ அங்குலப் போர், அதாவது 130.2 மி.மீ. லைகோமிங் நிறுவனத்தின் 320, 360 நான்கு சிலிண்டர் வகைகளுக்கு இதே அளவு. விமானப்படையின் பழைய பயிற்சி விமானமான ஹெச்.பி.டி-32 தீபக்கில் இருந்த ஆறு சிலிண்டர் 540 வகைக்கும் இதே போர்தான். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவை வைத்துப் போட்டது.

கை வைப்பதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, எக்ஸாஸ்ட் வால்வு. லைகோமிங் சிலிண்டர்கள் பலவற்றிலும் பழைய ரேடியல் எஞ்சின்களிலும் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு உள்ளே குடைவாக இருக்கும், அதில் சோடியம் அடைத்திருப்பார்கள். தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தி வெளியேற்ற அந்த ஏற்பாடு. அதை அறுக்கவோ, துளையிடவோ, காஸில் காட்டவோ கூடாது. சோடியத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், தெறிக்கும். காட்சிக்காகச் சிலிண்டரைக் குறுக்கே வெட்டும் எண்ணம் இருந்தால், முதலில் அந்த வால்வைக் கழற்றித் தனியே வையுங்கள்.

இரண்டாவது, உள்ளே படிந்திருக்கும் சாம்பல் நிறப் படிவு. விமானப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். இன்றும் பயன்படும் 100எல்எல் வகையில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அந்தப் படிவை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் போகும். எண்ணெயில் ஊறவைத்து ஈரமாகவே சுரண்டித் துணியில் எடுங்கள். மாணவர்கள் கையுறை போடட்டும், சோற்றில் கை வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவட்டும். மூன்றாவது, இதே எஞ்சினின் வேறு பாகங்களும் உங்களிடம் இருந்தால், அவற்றில் சில மெக்னீசியம் வார்ப்பாக இருக்கலாம். எடை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாகத் தெரிந்தால் அதன் பக்கத்தில் காஸோ கிரைண்டரோ போகவேண்டாம்.

இனி, எது இறுகியிருக்கிறது என்று பார்ப்போம். பிஸ்டன் முழுவதும் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை, பிடித்திருப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள்தான். வார்ப்பிரும்பு ரிங்கும் எஃகு பேரலும் உரசி நிற்கும் கோட்டில் ஈரம் தங்கினால் இரண்டும் சேர்ந்து துருவாகி ஒட்டிக்கொள்ளும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும், போக இடமில்லாமல் அது இறுக்கும். பிஸ்டன் அலுமினியம் ஆனதால் துருப்பிடிக்காது. ஆனால் உப்பு ஈரத்தில் எஃகோடு ஒட்டி நின்றால் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும், அதுவும் ரிங் கிரூவை அடைத்துவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் திறந்த கொட்டகையில் சில மழைக்காலம் கிடந்திருந்தால் இரண்டுமே இருக்கும்.

சிலிண்டரில் ஏதாவது வண்ணப் பட்டை தெரிகிறதா பாருங்கள். ஆரஞ்சு என்றால் போரில் குரோம் பூச்சு, நீலம் என்றால் நைட்ரைடு செய்த எஃகு, பட்டையே இல்லாவிட்டால் சாதாரண எஃகு. குரோம் போர் எளிதில் துருப்பிடிக்காது. ஆகவே உங்களுடையது மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

துருவை எடுக்கும் வழக்கமான மருந்துகள் எதுவும் இதற்கு உதவாது. சலவைச் சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் கொடுத்துத் துரு எடுப்பது, வெல்லப்பாகில் ஊறவைப்பது, ஆசிட், காஸ்டிக் சோடா எல்லாமே அலுமினியத்தைத் தின்றுவிடும். பிஸ்டனும் அலுமினியம், ஹெட்டும் அலுமினியம். எண்ணெய் மட்டுமே வழி.

ஊறவைக்கும் முறை இது. வால்வுகளை அமுக்கும் ராக்கர்களைக் கழற்றிவிடுங்கள், இரண்டு வால்வும் ஸ்பிரிங் வேகத்தில் மூடிக்கொள்ளும். சிலிண்டரை ஹெட் மேலே வரும்படி நிறுத்துங்கள். குளிர்விக்கும் ஃபின்களின் மேல் எடை விழக்கூடாது, அவை லேசான அடிக்கே உடையும். தடித்த பிளைவுட் பலகையில் ஸ்கர்ட் (பேரலின் திறந்த கீழ்முனை) நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, சிலிண்டரின் பிளாஞ்சை (போல்ட் ஓட்டைகள் உள்ள விளிம்பு) அதில் போல்ட் போட்டு, பலகைக்கு நான்கு கால் வைத்துவிட்டால் கடைசிவரை அதுவே உங்கள் ஸ்டாண்டு. பிளக் ஓட்டை வழியாக ஏ.டி.எஃப் எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், விமான எரிபொருள் அல்ல) டீசலும் சரிபாதி கலந்து 250 மில்லி ஊற்றினால், பிஸ்டன் தலையில் ஏறக்குறைய 2 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். ஏ.டி.எஃபோடு அசிட்டோன் கலக்கச் சொல்பவர்கள் உண்டு. குறுகிய நேர வேலைக்கு அது நல்லதே. ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகிவிடும், இரண்டும் ஒன்றோடொன்று சரியாகக் கலக்கவும் செய்யாது. தீ ஆபத்து வேறு. வாரக்கணக்கில் ஊறவைக்க டீசலே போதும்.

ஐந்து நாள் இப்படி வைத்து, குச்சியை விட்டு எண்ணெய் மட்டத்தைத் தினமும் பாருங்கள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்கர்ட் பக்கமிருந்து ஊற்றி ஐந்து நாள். பகலில் மொட்டைமாடி வெயிலில் வைத்து இரவில் உள்ளே எடுத்தால் இன்னும் நல்லது. சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கொஞ்சம் உள்ளே இழுபடும். மேலே ஊற்றிய எண்ணெய் கீழே கசியத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

ஊறும் நாட்களைச் சும்மா விடாதீர்கள். பிஸ்டனுக்குக் கீழே தெரியும் போரின் துருவை முழுக்க எடுத்தாக வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிஸ்டன் அசைந்ததும், ரிங்குகள் அந்தத் துருமேட்டில் ஏறி முன்னைவிட மோசமாகச் சிக்கிக்கொள்ளும். 180 எமரித் தாளை எண்ணெயில் நனைத்து வட்டவாக்கில் தேய்த்து, 320-இல் முடியுங்கள். நகத்தால் வருடினால் எந்த இடத்திலும் தடுக்கக்கூடாது. பள்ளம் இருந்தால் பரவாயில்லை, மேடுதான் இருக்கக்கூடாது.

இப்போது அழுத்தம். கம்ப்ரெஸர் காற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அழுத்திய காற்று சுருட்டிய ஸ்பிரிங் மாதிரி, பிஸ்டன் சட்டென்று விட்டால் பீரங்கிக் குண்டாக வெளியே வரும். எண்ணெய் சுருங்காது. பிஸ்டன் ஒரு மி.மீ. நகர்ந்தாலே அழுத்தம் விழுந்துவிடும்.

பிளக் ஓட்டையின் மரை 18 மி.மீ., 1.5 பிட்ச். லேத்தில் அறுகோண இரும்புக் கம்பியில் அந்த மரையைக் கடைந்து, நடுவே 6 மி.மீ. துளை விட்டு, மறுமுனையில் ஹைட்ராலிக் ஹோஸுக்கான கால் அங்குல மரை போட்டால் அடாப்டர் தயார். மரையின் நீளத்தை ஓட்டையின் ஆழத்தை அளந்தே தீர்மானியுங்கள். உள்ளே நீட்டக்கூடாது, செம்பு வாஷர் போட்டு முடுக்க வேண்டும். ஓட்டை அலுமினியத்தில் இருப்பதால் கையால் பல சுற்று நுழைந்த பிறகே ஸ்பானர் எடுங்கள். ஹோஸ், ஃபிட்டிங்குகள் பாரிமுனைச் செம்புதாஸ் தெருவில் கிடைக்கும். பம்புக்கு, மணலி, எண்ணூர் பக்கம் பைப் வேலை செய்யும் கான்ட்ராக்டர்களிடம் இருக்கும் கை ஹைட்ரோ டெஸ்ட் பம்ப் பொருத்தமானது. தண்ணீருக்குப் பதில் 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றுங்கள். 100 பார் கேஜ் ஒன்று கட்டாயம்.

கிரீஸ் கன்னாலும் இதைச் செய்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் தேர்வுதான். சாதாரணக் கை கிரீஸ் கன்னே பல நூறு பார் கொடுக்கும், கேஜ் இல்லாவிட்டால் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. ஒரு அமுக்கலுக்கு ஏறக்குறைய 1 மில்லிதான் போகும். பிஸ்டன் 6 செ.மீ. நகர 800 மில்லி வேண்டும், அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்துவிடும். ஆனால் துருப்பிடித்த வால்வு சீட் வழியாக எண்ணெய் ஒழுகினால், அந்த ஒழுக்கை அடைக்க கிரீஸ் உதவும். அப்போது அறையை எண்ணெயால் நிரப்பிவிட்டுக் கடைசியில் கிரீஸ் ஏற்றலாம். அதற்கு முன், வால்வுத் தண்டின் முனையைப் பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சீட்டில் சரியாக உட்கார்ந்துவிடும். உள்ளிருந்து வரும் அழுத்தமும் வால்வை மூடும் திசையிலேயே தள்ளும்.

சிலிண்டரைப் படுக்கவைத்து, ஒரு பிளக் ஓட்டை கீழும் மற்றொன்று மேலுமாக வையுங்கள். கீழ் ஓட்டையில் பம்ப். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை ஏற்றி, பிறகு பழைய பிளக்கால் மூடுங்கள். உள்ளே காற்று மிஞ்சக்கூடாது. பிஸ்டனின் விளிம்பு ஸ்கர்ட் முனையிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று நான்கு இடத்தில் டெப்த் கேஜால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

10 பாரில் தொடங்கி, பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கால் மணி நேரம் விடுங்கள். 50 பாரில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்போதே எரிப்பு அழுத்தம் அந்த அளவுக்குப் போகும், அதற்குமேல் ஹெட் மரையைச் சோதிக்க வேண்டாம். 130 மி.மீ. வட்டத்தின் பரப்பு 133 சதுர செ.மீ. 50 பாரில் பிஸ்டன் மேல் விழும் பளு கிட்டத்தட்ட 6.8 டன். சம்மட்டி அடியில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு: பளு தலை முழுவதும் சமமாக விழுகிறது, பிஸ்டன் சாய்வதில்லை.

கேஜ் இறங்குகிறதா? வெளியே ஒழுக்கு இல்லாமல் இறங்கினால், ஒன்று பிஸ்டன் நகர்ந்திருக்கும், இல்லையேல் எண்ணெய் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வந்திருக்கும். இரண்டுமே நல்ல செய்தி.

அழுத்தத்தில் இருக்கும் ஹோஸையோ இணைப்பையோ கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனை ஒழுக்குகூடத் தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படி ஆனால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு பேர்போனது, உங்கள் பட்டறையிலிருந்து தூரமும் இல்லை. 'எண்ணெய் அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

50 பாரிலும் அசையாவிட்டால் அழுத்தத்தை 30-இல் வைத்துக்கொண்டு இழுவையைச் சேர்க்க வேண்டும். கன்ராடு துண்டில் வெல்டிங் வைக்காதீர்கள். அது கடினமான அலாய் எஃகு, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டுச் சட்டென்று முறியும். கோபால்ட் டிரில்லால் 12 மி.மீ. துளை போட்டு, இருபுறமும் 8 மி.மீ. பட்டை வைத்து 8.8 கிரேடு போல்ட்டால் கவ்வி, அந்தப் பட்டைகளில் எம்-20 மரைக் கம்பியைப் பொருத்துங்கள். ஸ்கர்ட்டைவிடப் பெரிய பைப் துண்டு ஒன்றைப் பிளாஞ்சின் மேல் உட்காரவைத்து, அதன் வாயில் 25 மி.மீ. தகட்டைக் குறுக்கே போட்டு, நடுத்துளை வழியாகக் கம்பியை எடுத்து நட் முடுக்க வேண்டும். பைப் கட்டாயம் பிளாஞ்சில்தான் உட்கார வேண்டும். மெல்லிய ஸ்கர்ட் முனையில் உட்கார்ந்தால் ஸ்கர்ட் நெளிந்து, பிஸ்டன் வெளிவரும் வாசலே அடைபடும். மரைக்கு எண்ணெய் விட்டு, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்தால் சுமார் 3 டன் இழுவை. அதற்குமேல் போனால் கட்ஜன் பின் உட்காரும் அலுமினியக் காது விண்டுபோகும்.

சூடு வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டர் முழுவதையும் ஒரே சீராக 100 டிகிரி சூடேற்றினால், 130 மி.மீ. பிஸ்டன் 0.30 மி.மீ. விரியும், பேரல் 0.16 மி.மீ. மட்டுமே விரியும். இடைவெளி கூடுவதற்குப் பதில் குறைகிறது! வெளியே சூடும் உள்ளே குளிரும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸை நொறுக்கி, தடித்த பாலிதீன் பையில் கட்டி, பிஸ்டனின் அடிக்குழியில் அடைத்து அரை மணி நேரம் விடுங்கள். உப்பு கலந்தால் குளிர் கூடும், ஆனால் பை ஓட்டையானால் உப்புத் தண்ணீர் போரில் இறங்கும் என்பதால் வெறும் ஐஸே போதும். அப்புறம் ஹீட் கன்னால் பேரலைச் சுற்றிச் சுற்றி 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டன் 5 டிகிரியில் இருந்தால் கணக்குப்படி 0.15 மி.மீ. இடைவெளி கிடைக்கும். சூடு உள்ளே கடத்தப்படுவதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். அந்தச் சில நிமிடங்களுக்குள் நட்டை முடுக்க வேண்டும். ஹீட் கன் எடுக்கும் முன் ஊறவைத்த டீசல் கலவையை முழுக்க வடித்துத் துடைத்திருக்க வேண்டும். இந்தச் சுற்றில் எண்ணெய் அழுத்தம் வேண்டாம், இழுவை மட்டும் போதும். காஸ் சுடர் எந்த நிலையிலும் கூடாது. ஒரே இடம் சிவந்தால் பேரல் கோணும், ஹெட்டின் கவ்வலும் தளரும்.

முதல் அசைவு 'டக்' என்ற சத்தத்தோடு வரும். உடனே சந்தோஷத்தில் முடுக்கிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு மி.மீ. வந்ததும் அழுத்தத்தை விடுவித்து, எண்ணெய் ஊற்றி, கீழிருந்து மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி ஒரு மி.மீ. திரும்ப அனுப்புங்கள். கட்டையைப் பிஸ்டன் தலையின் அடிப்பாகத்தில் படுமாறு செதுக்க வேண்டும், பிஸ்டனின் கீழ் விளிம்பில் படக்கூடாது. மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. இந்த ஆட்டத்தில் உதிர்ந்த துருத்தூள் எண்ணெயோடு வெளியேறும். ஒரே மூச்சில் இழுத்தால் அந்தத் தூள் பிஸ்டனின் பக்கத்தில் நீளக் கோடாகக் கிழித்துவிடும். கிரீச்சிட்டால் நிறுத்தித் திரும்பச் செல்லுங்கள். மேல் ரிங் ஸ்கர்ட் முனைக்கு இரண்டு செ.மீ. இருக்கும்போதே பம்பை நிறுத்தி, மிச்சத்தைக் கம்பியாலேயே இழுங்கள். இல்லாவிட்டால் முக்கால் லிட்டர் எண்ணெய் தரையில் கொட்டும்.

நான்கைந்து சுற்று ஊறவைத்தும் அசையாவிட்டால் பிஸ்டனைப் பலிகொடுக்க வேண்டியதுதான். ஸ்கர்ட் பக்கமிருந்து நீள டிரில்லால், ரிங் வளையத்துக்கு உள்ளே வட்டமாக 8 மி.மீ. துளைகளை நெருக்கிப் போட்டு, நடுவைப் பெயர்த்தெடுத்து, மிஞ்சிய வளையத்தை ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்து உள்பக்கம் மடக்கலாம். பேரலில் ரம்பம் படாதபடி கடைசி ஒரு மி.மீ.யை உளியால் பிளக்க வேண்டும். மாற்றுப் பிஸ்டனை லேத்திலேயே அலுமினியத்தில் கடைந்துகொள்ளலாம், காட்சிக்கு அது போதும்.

ஒருவேளை யாராவது இந்தச் சிலிண்டரைப் பறக்கும் எஞ்சினுக்கு விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். விமானத்தில் ஏறும் பாகத்துக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தின் சி.ஏ. ஃபார்ம் 1 சான்று வேண்டும். துருக் குழி விழுந்த பேரல் அந்தக் குழியிலிருந்தே விரிசல் விடும். காட்சிக்கு வைக்கும்போதும் 'பறக்கத் தகுதியற்றது' என்று ஹெட்டில் பொறித்துவிடுங்கள்.

பிஸ்டன் வந்த பிறகு ரிங்குகளை உடைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துவிடுங்கள். ஓட்டிக் காட்டுவதற்கு ஒரே ஒரு ரிங், அதுவும் விறைப்பில்லாமல் இருந்தால் மாணவர்கள் கையாலேயே தள்ளலாம். போரைப் பெட்ரோலில் கழுவினால் எண்ணெய்ப் பசை முழுக்கப் போய்விடும், வடசென்னைக் கடற்காற்றில் ஒரே இரவில் செந்தூள் பூக்கும். கழுவிய கையோடு துடைத்து, துருத்தடுப்பு எண்ணெயைத் துணியால் தடவுங்கள். காட்சிப் பெட்டி மூடியதாக இருந்தால் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பிஸ்டனை எடுத்து எண்ணெய் தடவி மீண்டும் போடுங்கள்.